அம்மம்மாவின் கதவுக்குப் பூட்டுப் போட்ட கதை

முதல் பூட்டை நான் சுத்தியலால் அடித்துத்தான் இறக்கினேன். குழி ஒரு மயிரிழை இறுக்கம். பூட்டு முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. வெளியே எடுத்து இன்னும் கொஞ்சம் சீவியிருக்க வேண்டும், ஆனால் அதற்குள் இருட்டிவிட்டது, எனக்கும் பஞ்சி. ஒரு கட்டையை வைத்து இரண்டு அடி அடித்தேன். மூன்றாவது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், பூட்டு உள்ளே போய்விட்டது. சந்தோஷப்பட்டு விளக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தால், கதவின் முகத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மரம் வெடித்திருந்தது. அறுபது வருசத்துக்கு மேல் நின்ற முதிரை மரக் கதவு.

வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலுக்கு ஐந்து நிமிட நடை. அம்மப்பா ஐம்பதுகளில் கட்டியது. 1990இல் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது அம்மம்மா முன்கதவைப் பூட்டி, திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாராம். திரும்பி வந்தபோது கதவு இருந்தது, நிலை இருந்தது, பூட்டு இருந்த இடத்தில் கை நுழையக்கூடிய ஓட்டைதான் மிச்சம். அந்த ஓட்டைக்கு மேல் தகரம் அடித்து, கொண்டி போட்டு, ஆமைப்பூட்டுத் தொங்கவிட்டார்கள். பழைய பூட்டின் திறப்பு சாமியறை ஆணியில் தொங்கியது. முப்பது வருசம் அப்படியே போனது.

ஆமைப்பூட்டில் ஒரு கரைச்சல் இருக்கிறது. வெளியே போகும்போதுதான் அது பூட்டு, உள்ளே இருப்பவருக்குத் தாழ்ப்பாள் மட்டும்தான். நான் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வந்தால் அம்மா எழும்பி வந்து தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும், அவருக்கோ முழங்கால் வருத்தம். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே திறப்பால் பூட்டக்கூடிய, சட்டத்துக்குள் புதைக்கும் பூட்டு வேண்டும் என்று 2021 மார்கழியில் முடிவெடுத்தேன். நல்ல மாரி நேரம். பக்கத்து வீட்டில் மின்சாரத் துளைப்பான் இரவல் வாங்கி, தகரத்துக்குச் சற்று மேலே துளைத்து, மேலே சொன்னபடி சுத்தியலால் முடித்துவைத்தேன்.

என் பிழைகளை ஓடாவியார் (தச்சுவேலைக்காரர்) ஒவ்வொன்றாக விரித்துக் காட்டியது மூன்று மாதம் கழித்து. 2022 மார்ச் கடைசி, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத நாட்கள். அவர் வேலை செய்யும் மரப்பட்டறையில் இயந்திரங்கள் எல்லாம் சும்மா நின்றன. எழுபது வயது தாண்டியவர், பாலையூற்றுப் பக்கம். சைக்கிளில் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் எல்லாமே கைச்சாமான்: நாலு உளி, கொட்டாப்புளி, வளைந்த கைபிடி வைத்த துறப்பணம் (அவர் அதைப் பிறேஸ் என்பார்), அதற்குச் சுருள் அலகுகள், மூலைமட்டம், கோடு கீறும் கட்டை, நுனி கூர்த்த ஊசிவாள், சீவுளி ஒன்று.

நான் வெடிப்பைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. கதவைப் பாதி திறந்து கையை விட்டார். கதவு தானாக மெல்ல நகர்ந்து போய்ச் சுவரில் தட்டியது.

"தம்பி, பூட்டைப் பிறகு பாப்பம். கதவு என்னெண்டு தொங்குதெண்டு முதல் பாரும்."

மேல் பிணைச்சலின் (கீலின்) திருகாணிகள் தளர்ந்து, கதவு பூட்டுப் பக்கம் நாலு மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. நான் அந்த இறங்கிய கதவுக்குத்தான் அளவெடுத்துப் பூட்டுப் போட்டிருந்தேன். என்றைக்காவது பிணைச்சலைச் சரி செய்தால் பூட்டின் நாக்கு நிலையின் ஓட்டைக்கு மேலே போய் முட்டியிருக்கும். பழைய ஆணித் துளைகளில் நெருப்புக்குச்சி செருகித் திரும்ப முறுக்குவது நமது ஊர் வைத்தியம், அது ஒரு மாரிக்குத்தான் தாங்கும். ஓடாவியார் துளையைப் பெரிதாக்கி, முதிரை முளை சீவி, பசை போட்டு அடித்து, மறுநாள் அதில் புதிதாகத் துளைத்து முறுக்கினார். கதவு எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. முதல் நாள் வேலை அவ்வளவுதான், பூட்டைத் தொடவேயில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்தான்.

கதவுக்கும் நிலைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பது அடுத்த கேள்வி. திருகோணமலையில் மரத்துக்கு இரண்டு காலம். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும், மரம் குடித்துப் பருக்கும். மே, ஜூனில் வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் அதே மரம் வற்றிச் சுருங்கும். மரம் நெடுக்கில் அனேகமாக அசையாது, அகலத்தில்தான் விரிந்து சுருங்கும். இதைக் கதவுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு விசயம் வெளிக்கும். சட்டமும் பலகையுமாகக் கோத்த கதவில் அகலவாட்டில் அசைவது இரண்டு நெடுஞ்சட்டங்களும்தான். குறுக்குச் சட்டங்கள் நெடுக்காகக் கிடக்கின்றன, நடுவில் உள்ள பலகைகள் காடிக்குள் சும்மா நழுவிக்கொண்டிருக்கும். ஆகவே முழுக் கதவும் ஒன்றரை மில்லிமீற்றர் கூடிக் குறையும், அவ்வளவுதான். பலகைகளை நிறுத்திவைத்துப் பின்னால் குறுக்குக் கட்டை அறைந்த கதவு அப்படியில்லை. மூன்றடி அகலமும் சேர்ந்து அசையும், ஐந்தாறு மில்லிமீற்றர் வரும். எங்கள் சமையலறைக் கதவு அந்தச் சாதி, வேம்பு.

நான் மார்கழியில் கதவு இறுகுகிறது என்று சீவுளி போட்டுச் சீவித் தள்ளியிருந்தேன். மாரியில் சீவிய கதவு கச்சானில் இடைவெளி காட்டும், பூட்டு நாக்கு நிலையை எட்டியும் எட்டாமலும் நிற்கும். முன்கதவு சட்டக் கதவு என்பதால் தப்பியது. மாரியில் கதவு இறுகினால் முதலில் பிணைச்சலைப் பாருங்கள், பிறகு கதவின் அடியிலும் உச்சியிலும் வர்ணம் பூசியிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அந்த இரண்டு இடத்தையும் பெயின்ற் அடிப்பவர்கள் விட்டுவிடுவார்கள், மரம் தண்ணீர் குடிப்பதோ அந்த வெட்டுமுகத்தால்தான்.

இனி வெடிப்பு. கதவின் விளிம்பை ஓடாவியார் ஈரத்துணியால் துடைத்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். நெடுக்கே ஓடும் மரத்தின் நரம்புக்கு, அதாவது இழையோட்டத்துக்கு, நடுவில் நீள்சதுரமாக ஒரு துண்டு, அதன் நரம்பு மட்டும் குத்துக்குத்தாக, இரண்டு பக்கமும் ஆப்பு அடித்த அடையாளத்தோடு. அது நடுக் குறுக்குச் சட்டத்தின் கழுந்து, அதாவது மற்றச் சட்டத்துக்குள் கோப்பதற்காகச் செதுக்கிய முனை. நெடுஞ்சட்டத்தை ஊடுருவி வந்து வெளியே தலைகாட்டுகிறது. கதவைக் கதவாகப் பிடித்து வைத்திருப்பது இந்த மாதிரிக் கழுந்துகள்தான், அதில் ஒன்றை நான் துளைத்துப் பாதி தின்றுவிட்டேன். கீழே பழைய ஓட்டை, மேலே அறுந்த கழுந்து, இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச மரம். அதற்குள் ஆப்புப் போல ஒரு பூட்டை அடித்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

அந்தக் காலத்து நல்ல கதவுகளில் நடுச் சட்டத்துக்குக் கழுந்து ஒன்றாக இராது, மேலும் கீழுமாக இரண்டாகப் பிரித்திருப்பார்கள், நடுவில் விட்ட இடம் பூட்டுக்கு. அம்மப்பாவின் கதவும் அப்படித்தான். பழைய பூட்டு இருந்த ஓட்டை அந்த இடைவெளியில் சரியாக இருந்தது, நான்தான் அதை விட்டுவிட்டு மேலே ஏறினேன். உங்கள் கதவில் பூட்டு வைக்க முன்னர் விளிம்பைத் துடைத்துக் கழுந்து எங்கே முடிகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வர்ணம் தடிப்பாக இருந்தால் கொஞ்சம் சுரண்ட வேண்டும்.

பழைய ஓட்டையிலேயே புதுப் பூட்டைப் போடலாம் என்றால் ஓட்டை தாறுமாறாகக் கிழிந்திருந்தது. அதை நீள்சதுரமாக வெட்டித் துப்புரவாக்கி, முதிரைத் துண்டு ஒன்றைப் பொருத்தினோம், நரம்பு கதவின் நரம்போடு ஒரே போக்கில் ஓடும்படி. இது முக்கியம். நரம்பு குறுக்கே போனால் கதவும் துண்டும் வேறுவேறு பக்கம் இழுத்து ஒரு வருசத்தில் பசை விட்டுவிடும். என் குழிக்கும் அதேபோல ஒரு துண்டு. வெடிப்புக்குள் மெல்லிய தகட்டால் பசையைத் தள்ளி, சைக்கிள் ரியூப்பைக் கிழித்து இறுகச் சுற்றிக் கட்டி இரண்டு நாள் விட்டோம். இப்போதும் உற்றுப் பார்த்தால் தெரியும். எனக்கு மட்டும் உற்றுப் பாராமலே தெரியும்.

பசை காய்கிற நேரத்தில் பூட்டுத் தேடப் போனேன். என் பழைய பூட்டு சுத்தியல் அடியில் நெளிந்து நாக்கு சிக்கிவிட்டது. அது ரூபா விழுந்த மாதம், ஹாட்வெயார் கடையில் காலையில் கேட்ட விலை பின்னேரம் இல்லை. கடைசியில் பழைய இரும்பு வாங்குகிற ஒருவரிடம் கிடைத்தது. திருகோணமலையில் பழைய இரும்புக்குள் எப்போதும் ஏதாவது அகப்படும். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்த ஊர், அவர்கள் காலத்துக் கட்டடங்களின் கதவுச் சாமான்கள் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன. கதவின் விளிம்பில் தெரியும் முகத்தகடும் நாக்கும் பித்தளை, பெட்டி இரும்பு, இங்கிலாந்தில் செய்தது என்று பொறித்திருந்தது. திறப்பு இல்லை. பெட்டியின் மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடலாம் என்றால் அந்த மாதம் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. சவர்க்காரத் தண்ணீரில் பழைய பற்தூரிகையால் தேய்த்து வெயிலில் வைத்தேன்.

உள்ளே மூன்று பித்தளைத் தகடுகள், ஒன்றன் மேல் ஒன்றாக, ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய வில் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வாசல் வெட்டியிருக்கிறது, நாக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முளை அந்த மூன்று வாசலாலும் ஒரே நேரத்தில் போனால்தான் நாக்கு நகரும். திறப்பின் பல் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும், குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை. கூடினாலும் பிழை என்பதுதான் இதில் கெட்டித்தனம். 1778இல் ரொபேட் பரன் என்ற ஆங்கிலேயர் இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். அதற்கு முந்திய பூட்டுகளில் தகட்டைத் தேவைக்கு மேல் தூக்கினாலும் திறந்துவிடும்.

நான் பூட்டைப் பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா சாமியறைக்குப் போய் அந்தத் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, மேசையில் வைத்தார். போட்டுப் பார்த்தேன். துவாரத்தில் நுழைந்தது, கால் சுற்றுச் சுற்றி நின்றது. ஓடாவியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு தகடு சரியாக நிற்கிறது, மற்ற இரண்டும் அளவுக்கு மேலே எழும்புகின்றன.

"குறைவாத் தூக்கினா நாம ஒண்டும் செய்யேலாது தம்பி. கூடத் தூக்குறது நல்லதுக்குத்தான்."

தகட்டின் அடிவயிறு, அதாவது திறப்பின் பல் வந்து தொடுகிற வளைந்த ஓரம், அதைக் கொஞ்சம் அராவினால் அதே திறப்பு அந்தத் தகட்டைக் குறைவாகத் தூக்கும். மெழுகுதிரிப் புகையில் தகட்டின் வயிற்றைக் கறுப்பாக்கி, திறப்பைச் சுற்றி, கரி அழிந்த இடத்தில் மட்டும் ஊசி அரத்தால் இரண்டு இழுவை. திரும்பப் பூட்டிப் பார்ப்பது. திரும்பக் கழற்றுவது. இப்படி இருபது தடவையாவது இருக்கும். கூட அராவினால் தகடு குப்பைக்குத்தான், ஒட்டவைக்க முடியாது. பின்னேரம் நாலு மணிபோல நாக்கு 'சடக்' என்று வெளியே வந்தது. அம்மம்மாவின் திறப்புக்கு முப்பத்திரண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு பூட்டு. அம்மா திறப்பை வாங்கித் துடைத்து மறுபடியும் ஆணியிலேயே மாட்டிவிட்டார். ரவுணில் அதைப் பார்த்து வெட்டுவித்த பிரதியைத்தான் நாங்கள் பாவிக்கிறோம்.

சரி, இனிக் குழி வெட்டுவது. கதவின் தடிப்பு 45 மில்லிமீற்றர், பூட்டுப் பெட்டியின் தடிப்பு 14. துளைக்க எடுத்தது 16 மில்லிமீற்றர் அலகு. இரண்டு பக்கமும் பதினாலரை மரம் மிஞ்சும். கதவுத் தடிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடையக்கூடாது என்பது கணக்கு. நான் முதலில் பெட்டிக்குச் சரியான அளவில் 14 அலகு போட்டிருந்தேன், இறுக்கமாக இருந்தால் உறுதி என்ற நினைப்பு. புதைக்கும் பூட்டைக் குழியின் சுவர் பிடித்துவைப்பதில்லை. முகத்தகட்டின் இரண்டு திருகாணிதான் பிடிக்கின்றன. பெட்டி குழிக்குள் கை விரலால் தள்ளினால் போக வேண்டும், வெளியே இழுத்தால் வர வேண்டும். மாரியில் மரம் பருக்கும்போதும் அதற்கு இடம் வேண்டும்.

கோடு கீறும் கட்டையால் விளிம்பின் நடுவில் ஒரு கோடு, கதவின் ஒரு முகத்திலிருந்து மட்டும். பிறகு மற்ற முகத்திலிருந்தும் கீறிப் பார்த்து, இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறதா என்று சோதித்தார். விழாவிட்டால் இரண்டுக்கும் நடுவே. மேல் எல்லையும் கீழ் எல்லையும் மூலைமட்டத்தால். பென்சில் இல்லை, கத்தி. பென்சில் கோட்டுக்குத் தடிப்பு இருக்கிறது, உளி அதில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். கத்திக் கோட்டில் உளியின் வாய் தானாகப் போய் உட்காரும்.

கதவைக் கழற்றவில்லை. முதிரைக் கதவைக் கழற்றினால் தூக்க நாலு பேர் வேண்டும். பாதி திறந்து, அடியில் இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து இறுக்கி, நின்றபடியே கிடையாகத் துளைத்தோம். அலகு சாயாமல் போகிறதா என்று பார்க்க ஓடாவியார் ஒரு வேலை செய்தார், அதை நான் இன்னும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அலகின் வழுவழுப்பான தண்டில் ஒரு வோஷரைப் போட்டுவிட்டார். துறப்பணம் மட்டமாக இருந்தால் வோஷர் நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். கை தாழ்ந்தால் கைப்பக்கம் நகரும், உயர்ந்தால் கதவுப் பக்கம் போகும். கண் வோஷரில், கை சுற்றிக்கொண்டே இருக்கும். இடம் வலம் சாய்வதை நான் மேலே இருந்து பார்த்துச் சொன்னேன். ஆழத்துக்கு அலகில் ஒரு துண்டுத் துணி கட்டியிருந்தது, பெட்டியின் ஆழம் மூன்று அங்குலம், அதற்கு மேல் மூன்று மில்லிமீற்றர்.

ஏழு துளை. மேலே ஒன்று, கீழே ஒன்று, பிறகு நடுவில் உள்ளவை. வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தால் அலகு பக்கத்துத் துளைக்குள் வழுக்கி விழும். ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஒவ்வொரு அங்குலத்துக்கும் அலகை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள், முதிரை இறுகிய மரம், தூள் அடைத்தால் அலகு சூடேறிவிடும். இன்னொன்று, முதிரைத் தூள் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்கு இரண்டு கையும் முழங்கை வரை தடித்து மூன்று நாள் சொறிந்தேன். நீளக் கைச்சட்டை போடுங்கள், வியர்வையோடு தூள் ஒட்டவிடாதீர்கள்.

துளைகளுக்கு நடுவில் மிஞ்சிய முகடுகளை உளியால் எடுப்பதுதான் கையைப் பழக்கும் வேலை. மேல், கீழ் முனைகளில் நரம்பு குறுக்கே கிடக்கிறது, அங்கே கொட்டாப்புளியால் அடிக்கலாம். இரண்டு பக்கச் சுவரிலும் நரம்பு நெடுக்காக ஓடுகிறது, அங்கே அடித்தால் உளி நரம்போடு ஓடிச் சுவரைப் பிளந்துவிடும். உள்ளங்கையால் தள்ளி மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். நான் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையிலிருந்து கொட்டாப்புளியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்.

உளி தீட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பலா மரத்தில் ஒரு நாள் தாங்கும் வாய் முதிரையில் பத்து நிமிடம்தான். 25 பாகையில் சாணை பிடித்த உளியின் நுனியை மட்டும் 30க்கு, இறுகிய மரத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட, நிமிர்த்தித் தீட்டினால் வாய் உதிராது. கல்லுக்கு எண்ணெய் இல்லாததால் தண்ணீர் தொட்டே தீட்டினோம், ஒரு குறையும் வரவில்லை, எண்ணெய் குடித்த பழைய கல்லில் மட்டும் தண்ணீர் ஏறாது. வேலையில் பாதி நேரம் தீட்டுவதில் போனது என்று நான் அலுத்துக்கொண்டேன். அன்றைக்கு வெட்டிய குழியின் சுவரைத் தொட்டுப் பார்த்த பிறகு அலுப்புக் குறைந்துவிட்டது.

பெட்டி உள்ளே போனதும், முகத்தகட்டைச் சுற்றிக் கத்தியால் கீறிக்கொண்டு, பூட்டை வெளியே எடுத்து, தகட்டின் தடிப்புக்கு மட்டும் மரத்தை எடுக்க வேண்டும், மூன்று மில்லிமீற்றர். கீறிய கோட்டுக்கு உள்ளே ஒரு இழை தள்ளித் தொடங்கி, கடைசிச் சீவலில் கோட்டுக்குப் போங்கள்.

திறப்புத் துவாரத்துக்கு, பூட்டைக் கதவின் முகத்தில் வெளிப்புறமாக வைத்து, முகத்தகடு விளிம்போடு மட்டமாக நிற்கும்படி பிடித்து, துவாரத்துக்குள்ளால் குத்தூசியால் குறிக்க வேண்டும். மேலே வட்டத்துக்கு 10 மில்லிமீற்றர், கீழே 6, இரண்டுக்கும் நடுவே ஊசிவாள். இரண்டு முகத்திலிருந்தும் குழி வரை துளைக்கலாம், ஒரே பக்கமாக மற்ற முகம் வரை துளைத்தால் வெளியேறும் இடத்தில் மரம் சிதறும். கைபிடிக்கான துளையும் அப்படியே. துளைக்கும்போது பூட்டு உள்ளே இருக்கக்கூடாது. இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள், என் முதல் பூட்டின் பெட்டியில் அலகு போட்ட கீறல் இன்னும் இருக்கிறது. வெளிப்பக்கத் துவாரத்தை நான்தான் குறித்தேன், இரண்டு மில்லிமீற்றர் தவறிவிட்டது. சுற்றிப் போடும் பித்தளைத் தகடு அதை மறைத்துவிட்டது. அந்தத் தகட்டைக் கண்டுபிடித்தவர் என்னைப் போல் ஒருவரை நினைத்துத்தான் செய்திருப்பார்.

திருகாணிக்கு வந்தால், கடலுக்குப் பக்கத்தில் இரும்பு வேண்டாம். உப்புக்காற்றில் இரண்டு வருசத்தில் தலை பொரிந்து, கழற்ற வேண்டிய நாளில் கழற்ற முடியாமல் நிற்கும். பித்தளை நல்லது, ஆனால் மெது. முதிரையில் பித்தளைத் திருகாணியை நேரே முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும், உடல் மரத்துக்குள் நின்றுவிடும். எனக்கு ஒன்று அப்படிப் போனது. சுற்றி உளியால் குடைந்து, குறட்டால் பிடித்து இழுத்து, அந்தக் குழிக்கு முளை அடித்து, ஒரு திருகாணிக்கு ஒன்றரை மணித்தியாலம். செய்ய வேண்டியது இதுதான்: முன்துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை முறுக்கி மரத்தில் புரி வெட்டுவித்துக் கழற்றிவிட்டு, அந்தப் புரிக்குள் பித்தளையை மெழுகு தடவி ஏற்றுவது. கடைசிச் சுற்றில் கை இறுகியதும் விட்டுவிட வேண்டும்.

முறுக்க முன்னர் திறப்பைப் போட்டு இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். முறுக்கிய பிறகும் பாருங்கள். முறுக்கிய பிறகு இறுகினால் குழியின் அடி எங்கேயோ பெட்டியைத் தள்ளுகிறது என்று அர்த்தம்.

நிலையில் தகடு வைப்பதற்கு அளவு எடுக்கவே வேண்டாம். நாக்கின் நுனியில் மெழுகுதிரிக் கரி பூசி, கதவைச் சாத்தி, திறப்பைச் சுற்றினால் நாக்கு தானே வந்து நிலையில் தன் இடத்தைக் குத்தும். அந்தக் கரிக்குக் குழி வெட்டினோம், கீழ்ப்பக்கம் மட்டும் இரண்டு மில்லிமீற்றர் கூட, கதவு என்றைக்கும் கீழேதான் இறங்கும், மேலே ஏறாது என்பதால். ஆழத்தில் கஞ்சத்தனம் கூடாது. நாக்கு முழுதும் போக இடமில்லாவிட்டால் திறப்பு முழுச் சுற்றுப் போகாது, வீட்டில் உள்ளவர்கள் பூட்டு இறுக்கம் என்று நினைத்து முறுக்குவார்கள், திறப்பு முறியும். பூட்டில் பிழையே இராது.

அறைக் கதவு வேறு கதை, அதைச் சுருக்கமாக முடிக்கிறேன். பலா மரம், தடிப்பு 35தான். அதற்குள் 16 மில்லிமீற்றர் குடைந்தால் இரண்டு பக்கமும் பிஸ்கட் மாதிரி நிற்கும். அங்கே உட்பக்க முகத்தில் பெட்டியாக அறையும் பூட்டைப் போட்டோம், துவாரம் ஒன்றும் நாலு திருகாணியும், ஒரு மணித்தியால வேலை. பார்வைக்கு வடிவில்லை என்று அம்மாவுக்குக் குறை. மெல்லிய கதவுக்கு அதுதான் மரியாதை என்பது ஓடாவியாரின் கட்சி, நானும் அவர் பக்கம்.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. இரண்டு கிழமைக்கு நன்றாக இருக்கும், பிறகு தூசியும் உப்பும் சேர்ந்து களியாகித் தகடுகளை ஒட்டவைத்துவிடும், மெல்லிய வில்லுக்கு அதைத் தள்ளப் பலம் இல்லை. பென்சில் கரியைச் சுரண்டித் திறப்பில் தடவி நாலைந்து முறை போட்டு எடுத்தால் காணும். வருசத்தில் ஒருமுறை, மாரிக்கு முதல், நான் இரண்டு திருகாணியைக் கழற்றிப் பூட்டை வெளியே இழுத்துத் துடைக்கிறேன். பித்தளைத் திருகாணி மெழுகோடு போனதால் இன்றைக்கும் விரல் பலத்துக்கே கழன்று வருகிறது.

சமையலறைப் பலகைக் கதவு இன்னும் கொண்டியும் ஆமைப்பூட்டுமாகத்தான் நிற்கிறது. அதற்கும் உட்பக்கம் அறையும் பூட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நாக்கு நீளமாக வரும் சாதி. கதவு எவ்வளவு சுருங்கி எவ்வளவு பருக்கிறது என்று பார்க்க நிலையில் பென்சிலால் கோடு போட்டு வருகிறேன். மாரிக் கோடு ஒன்று, கச்சான் கோடு ஒன்று, நடுவில் ஆறு மில்லிமீற்றர் இருக்கிறது. நேற்று ஓடாவியாருக்குச் சொன்னேன். இன்னொரு கச்சான் போகட்டும் என்றார்.